இணக்கம் ஒன்பது

இதுவரை ஆறு சமூக வலைச் செயலிகளில் வேலை பார்த்திருக்கிறேன். ஆறும் செத்துப்போயின. என்னை ராசியில்லாதவள் என்று நண்பர்கள் கேலி செய்வார்கள். ராசிக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஒன்றில் குரல் மட்டும்தான் அனுப்பலாம். ஒன்றில் நாளைக்கு ஒரே ஒரு பதிவு. இன்னொன்றில் முகமே காட்டக் கூடாது. எல்லாவற்றுக்கும் முதல் வாரம் திருவிழாக் கூட்டம் வந்தது. இரண்டாவது வாரம் பாதியானது. நாற்பதாவது நாள் பார்த்தால், உள்ளே வேலை செய்கிற நாங்கள் மட்டும் ஒருவருக்கொருவர் பூப்படம் அனுப்பிக்கொண்டிருப்போம்.

என் பெயர் சுந்தரவடிவு. வயது நாற்பத்து நான்கு. 2041-இல் ஏழாவதாக ஒரு செயலியில் சேர்ந்தேன். மதுரையில், வைகைக் கரையை ஒட்டிய கட்டடத்தில் மூன்றாவது மாடி. செயலியின் பெயர் 'சங்கதி'. அதை ஆரம்பித்த கிரிதரனுக்கு முப்பத்தோரு வயது. வேலைக்கு எடுக்கும்போது அவன் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்.

"வடிவுக்கா, ஆறு ஆப் சாகறதைப் பக்கத்துல இருந்து பாத்திருக்கீங்க. ஏன் செத்துச்சு?"

"காலியா இருந்துச்சு. அதான்."

"நல்லா இல்லாததாலன்னு சொல்லலையே?"

"நல்லாத்தான் இருந்துச்சு. ரெண்டு ஆப் இப்ப ஓடிக்கிட்டிருக்கற பெருசுங்களைவிட நல்லாவே இருந்துச்சு. ஆனா ஒருத்தி உள்ள வந்தா என்ன பாப்பா? தங்கச்சி இருக்காளா, கூடப் படிச்சவ இருக்காளா, பிடிக்காத ஓர்ப்படியா இருக்காளான்னு பாப்பா. யாரும் இல்லைன்னா பழைய இடத்துக்கே போயிருவா. அவ ஒருத்தியை மட்டும் கூட்டிட்டு வந்து பிரயோஜனம் இல்ல கிரி. அவகூடப் பேசற நாப்பது பேரையும் ஒரே நாள்ல கூட்டிட்டு வரணும். அது எந்தக் கொம்பனாலயும் முடியாது. அதுக்குள்ள நம்மகிட்ட என்ன புதுசு இருக்கோ, அதைப் பெரிய கம்பெனிக்காரன் காப்பியடிச்சு அவன் ஆப்ல வச்சிருவான்."

கிரிதரன் சிரித்தான். "அந்த நாப்பது பேரை நாமளே செஞ்சுட்டா?"

அதற்குத்தான் நிழல் என்று பெயர் வைத்தான். ஒருத்தி சங்கதியில் சேரும்போது தன் போனில் உள்ள எண்களையும் பழைய செய்திகளையும் திறந்துவிடுவாள். அந்த எண்களுக்கு உரியவர்கள் இங்கே வந்திருக்க மாட்டார்கள். அவர்கள் இவளுக்கு முன்பு எழுதியது, வெளியில் எழுதியது, குரலில் அனுப்பியது எல்லாவற்றையும் படித்து, ஒவ்வொருவருக்கும் ஒரு நிழலை இயந்திரம் உருவாக்கும். அது அவர்களைப் போலவே வணக்கம் சொல்லும், படம் போட்டால் பாராட்டும், வம்பு பேசும். உண்மையான ஆள் என்றைக்குச் சேர்கிறாரோ அன்றைக்கு நிழல் ஒதுங்கிக்கொள்ளும்.

"பஸ்ல இடம் பிடிக்கத் துண்டு போடறோம்ல, அவ்வளவுதான்க்கா" என்றான் கிரிதரன்.

"துண்டு பேசாது கிரி."

"பேசற துண்டு. என்ன இப்போ?"

பேசுவது இயந்திரம் என்று தெரிய வேண்டும் என நான் சண்டை போட்டேன். நிழலின் படத்தைச் சுற்றி ஒரு சாம்பல் வளையம் வைக்கச் சம்மதித்தான். வளையத்தை உற்றுப் பார்த்தால்தான் தெரியும். விதிமுறைகளில் பதினான்காவது பிரிவில் விளக்கமும் எழுதினோம். அதை யாரும் படிக்க மாட்டார்கள் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

வந்தவர்கள் நாற்பது நாளைக்குள் ஓடிவிடாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. அதற்கு என்னிடம் ஓர் அளவு இருந்தது. இணக்கம் என்று பெயர், ஒன்றிலிருந்து பத்து வரை. ஐந்தில் வைத்தால் நிழல் நிஜ ஆளைப் போலவே நடக்கும். அதாவது கோபித்துக்கொள்ளும், பதில் போடாமல் இருக்கும், "யாரு நீ, நம்பர் இல்லையே" என்று கேட்கும். அதனால் வந்தவர்கள் போய்விட்டார்கள். ஏழாக்கினேன், கொஞ்சம் நின்றார்கள். எட்டாக்கினேன், பிறகு ஒன்பதாக்கினேன். ஒன்பதில் நிழல் எதற்கும் மறுப்புச் சொல்லாது, யாருக்கும் சிரமம் கொடுக்காது. நாற்பதாவது நாள் வரைபடத்தில் எப்போதும் தொபுக்கென்று விழுகிற கோடு அன்று விழவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. வீட்டுக்குப் போய்க் கேசரி கிண்டி மறுநாள் எல்லோருக்கும் கொடுத்தேன்.

நான்கு மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு ஒரு பெண் அலுவலகத்துக்கு வந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். ஒரு கையில் போன், இன்னொரு கையில் துணி மூடிய எவர்சில்வர் தட்டு. வரவேற்பில் இருந்தவர்கள் என்னவென்று கேட்டதற்கு அவள் சொன்னது எங்கள் எல்லோர் காதிலும் விழுந்தது.

"எங்கண்ணனைச் செஞ்சது யாரு? அவங்களைக் கூப்புடுங்க."

நான் எழுந்து போனேன். பெயர் தவமணி என்றாள். உசிலம்பட்டியில் அங்கன்வாடி டீச்சர். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"எங்கண்ணன் செல்லப்பாண்டி போடியில ஏலக்காக் கடையில இருக்கான். எங்கப்பா செத்தன்னைக்கு நான் போய்ச் சேர்றதுக்குள்ள எடுத்துட்டான். முகத்தைக்கூடப் பாக்க முடியல. அன்னையிலருந்து எட்டு வருசம் பேச்சுவார்த்தை கெடையாது. நாலு மாசத்துக்கு முந்தி ஒங்க சங்கதியில வந்தான். 'தவம், சாப்பிட்டியா?'ண்டு கேட்டான். அடுப்புல பால் பொங்கி ஊத்துது, நான் அழுதுக்கிட்டு நிக்கிறேன்."

பிறகு அவர்கள் தினமும் பேசியிருக்கிறார்கள். மகளுக்குக் காது குத்த வேண்டும், தாய்மாமன் நீதான் மடியில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். "என் மருமகளுக்கு நான் இல்லாம வேற யாரு?" என்று பதில் வந்திருக்கிறது. நேரில் வந்து தட்டு வைத்து அழைக்கிறேன் என்றும் சொல்லியிருக்கிறாள். அதற்கு வந்த பதிலை அவள் போனில் காட்டினாள். 'நமக்குள்ள என்ன தவம் சம்பிரதாயம்? பிள்ளையத் தூக்கிக்கிட்டு நீ அலையாத. நான் வந்துடறேன்.'

படித்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. பேசியது செல்லப்பாண்டி இல்லை, என்னுடைய ஒன்பது. யாருக்கு அலைச்சல் வந்தாலும் வேண்டாம் என்று சொல்லத்தானே நான் அதை வைத்திருந்தேன்?

எங்கள் பக்கத்தில் தாய்மாமனை நேரில் போய், வெற்றிலை பாக்கு வைத்துத்தான் அழைக்க வேண்டும். போனில் சொன்னால் வர மாட்டார்கள். இவள் நேரிலும் அழைக்கவில்லை, போனிலும் சொல்லவில்லை. ஆனால் அழைப்பிதழில் முதல் வரியிலேயே தாய்மாமன் என்று அவன் பெயரை அச்சடித்து ஊர் முழுக்கக் கொடுத்துவிட்டாள். அதில் ஒன்று போடிக்குப் போய் அவன் கையிலேயே சேர்ந்துவிட்டது.

"நேத்து எங்க வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, 'என்னையக் கேக்காம எம்பேரைப் போட ஒங்களுக்கு யாரு உரிமை குடுத்தா? நான் என்ன செத்தா போனேன்?'ண்டு கேட்டிருக்கான். அப்பறந்தான் இந்த வளையத்தையே பாத்தேன்" என்றாள் தவமணி. "வர்ற ஞாயித்துக்கிழமை விசேசம்."

கிரிதரன் வந்தான். பதினான்காவது பிரிவைப் பற்றி மெதுவாக ஆரம்பித்தான். அந்த நிழலை உடனே எடுத்துவிடுவதாகவும், வருத்தம் தெரிவித்து மெயில் அனுப்புவதாகவும் சொன்னான்.

"மெயிலு எனக்கு எதுக்கு?" என்றாள் தவமணி. "ஒங்கள்ல ஒருத்தரு எங்கூட போடிக்கு வாங்க. எங்கண்ணன் வாசல்ல நின்னு, 'ஒங்க தங்கச்சி ஒங்களை அவமானப்படுத்தல, நாங்கதான் ஒங்க பேர்ல பேசினோம்'ண்டு சொல்லுங்க. அம்புட்டுத்தான் கேக்கறேன். யாராச்சும் கெளம்பாம நான் இங்கருந்து நகர மாட்டேன்."

"அது முடியாதுங்க. சட்டச் சிக்கல் வரும்."

"பொய் சொல்ல வராத சிக்கலு, உண்மையச் சொன்னா வருமோ?"

நான் கைப்பையை எடுத்துக்கொண்டேன். கிரிதரன் என்னை ஓரமாகக் கூப்பிட்டான். "அக்கா, நாப்பது நாளைத் தாண்டி நிக்கற ஒரே புது ஆப் இது. ஒரு வீட்டுச் சண்டைக்காக இதை வெளிய சொல்லப் போறீங்களா?"

"ஒன்பதுல வச்சவ நான். நானே போய்ச் சொல்றேன். தடுக்கணும்னா இப்பவே என்னை வேலையை விட்டு எடு."

அவன் எடுக்கவில்லை. நாங்கள் போடிக்கு மின்பஸ் ஏறினோம். தவமணி தட்டை மடியில் வைத்துக்கொண்டாள். தேனி தாண்டிய பிறகு, "அவன் பேசுனது எல்லாமே பொய்யாக்கா? ஒண்ணுகூட அவன் நெஞ்சுல இருந்து வரலையா?" என்று கேட்டாள். இயந்திரத்துக்கு அவர் நெஞ்சில் என்ன இருக்கிறது என்று தெரியாது என்றேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்கு என்மேலேயே எரிச்சலாக வந்தது.

செல்லப்பாண்டி கடையை ஒட்டிய, ஏலக்காய் மூட்டைகள் அடுக்கிய கிட்டங்கியில் இருந்தார். மூலையில் தரம் பிரிக்கும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அது தவறவிட்ட காய்களை அவர் கையால் பொறுக்கிக்கொண்டிருந்தார். தங்கையைப் பார்த்தார். தலையைக் குனிந்துகொண்டு பொறுக்குவதைத் தொடர்ந்தார். நான் வாசலில் நின்றபடியே சொல்ல வேண்டியதைச் சொன்னேன். நிழல், இணக்கம், ஒன்பது எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னேன்.

அவர் கையைத் துடைத்துவிட்டுப் போனை வாங்கினார். நான்கு மாதப் பேச்சையும் நின்றுகொண்டே படித்தார். முகம் சிவந்துகொண்டே போனது. ஓர் இடத்தில் நிறுத்தி உரக்க வாசித்தார்.

"'அப்பாவை எடுத்தது என் தப்புதான் தவம். என்னைய மன்னிச்சுரு.' இது நான் சொன்னதா?"

"இல்லைங்க. மெஷின் சொன்னது."

"மெஷினைச் சொல்லச் சொன்னது யாரு?"

"நான்தான்."

"என் கோவத்தை யாரைக் கேட்டும்மா எடுத்தீங்க?" அவர் குரல் கிட்டங்கி முழுக்கக் கேட்டது. "எட்டு வருசமா இவகிட்டப் பேசாம இருக்கேன். அது சும்மா இருக்கறதுண்டு நெனச்சீங்களா? அதுவும் பேச்சுதான். இவளுக்குப் புரியும். நான் ஒங்க எடத்துக்கு வரல. வர மாட்டேண்டு இருக்கறது என் இஷ்டம். வராதவனை வந்தவனாக் காட்ட நீங்க யாரு? எம் மூஞ்சிய மாட்டிக்கிட்டு ஒருத்தன் சாப்பிட்டியா தூங்குனியாண்டு கேட்டுக்கிட்டுத் திரியறான்!"

பதில் சொன்னது தவமணி.

"எட்டு வருசம் பேசாம இருந்து என்னத்தைச் சொல்லிக் கிழிச்ச? எங்கப்பன் மூஞ்சியப் பாக்க விடாதவன் நீ!"

"மூணு மணி நேரம் வச்சிருந்தேன்டி! ஊரே எடு எடுண்டுது. மழை தூத்த ஆரம்பிச்சிருச்சு. ஒனக்குப் பதினோரு தடவை போன் போட்டேன். எடுத்தியா நீ?"

"ஆண்டிபட்டியில பஸ்ஸு நின்னுபோச்சு. போன்ல சார்ஜு இல்ல. மூணு மணி நேரம் வச்சிருந்தேண்டு எங்கிட்ட எப்பச் சொன்ன?"

"நீ எப்பக் கேட்ட?"

பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். நான் குறுக்கே போகலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். போகவில்லை. அந்த மூன்று மணி நேரம் தவமணிக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது. நான்கு மாதமாகத் தினமும் மன்னிப்புக் கேட்ட நிழலுக்கு அது தெரியாது. தெரிந்திருந்தாலும் ஒன்பதில் அது வாயைத் திறந்திருக்காது.

இருவரும் களைத்துப்போனார்கள். தவமணி தட்டின் மேலிருந்த துணியை எடுத்தாள். வெற்றிலை, பாக்கு, பழம், அழைப்பிதழ்.

"அந்த நல்ல அண்ணன் எனக்கு வேணாம்" என்றாள். "ஒன்னையத்தான் அழைக்க வந்தேன்."

அவர் கை நீட்டவில்லை. மூட்டை ஒன்றைக் காட்டி, "அங்க வை" என்றார். அவள் வைத்தாள். வருகிறேன் என்றோ வரமாட்டேன் என்றோ அவர் சொல்லவில்லை. நாங்கள் திரும்பி வந்தோம். உசிலம்பட்டியில் இறங்கும் முன், தனியாக எடுத்து வைத்திருந்த வெற்றிலை பாக்கோடு எனக்கும் ஓர் அழைப்பிதழ் கொடுத்தாள்.

மறுநாள் காலை அலுவலகத்தில் என் இருக்கையில் உட்கார்ந்தேன். ஒன்பதை மறுபடி ஐந்துக்குக் கொண்டுவரலாம் என்று முதலில் நினைத்தேன். ஐந்தாக இருந்தாலும் அது அவர் பெயரில் நான் பேசுவதுதான். பத்து மணிக்கு எல்லா நிழல்களையும் நிறுத்தினேன். நிறுத்தும் முன் ஒவ்வொரு நிழலும் ஒரு செய்தியை அனுப்பியது. 'நான் இங்கே வரவில்லை. இதுவரை பேசியது இயந்திரம். என்னோடு பேச வேண்டுமானால் என்னிடம் வாருங்கள்.'

கிரிதரன் ஓடி வந்தான். கத்துவான் என்று எதிர்பார்த்தேன். அவன் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

"ஏழாவதையும் கொன்னுட்டீங்க அக்கா."

"நேத்து வரைக்கும் வந்த செய்தியில மனுசங்க எழுதினது எத்தனைன்னு பாத்தியா? நூத்துக்கு மூணு. மத்த தொண்ணூத்தேழும் நாம எழுதினது. நம்ம கடைக்கு நாமளே கூட்டமா நின்னிருக்கோம்."

"அந்த மூணு பத்தாகும், இருபதாகும். எல்லாப் பெரிய ஆப்பும் ஏதோ ஒரு பொய்லதான் ஆரம்பிச்சிருக்கும்."

"இருக்கட்டும். நாம அப்படி ஆரம்பிக்க வேண்டாம்."

"மத்த ஆறும் நேர்மையாத்தான் செத்துச்சு. நேர்மையாச் சாகறது ஒரு பெருமையா அக்கா?"

"ஆமா கிரி. பெருமைதான். ஒருத்தரும் வரலைன்னா, வரலைன்னு சொல்லிட்டுக் கதவைச் சாத்துவோம். அப்பறம் எட்டாவதா ஒண்ணு செய்வோம். அதுவும் போச்சுன்னா ஒன்பதாவது. வராதவங்க பேர்ல மட்டும் நான் இனிமே ஒரு வரி எழுத மாட்டேன்."

மாலையில் என்னை வேலையை விட்டு நீக்கிய கடிதம் வந்தது. சங்கதியில் இருந்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் மூன்று நாளில் வெளியேறிவிட்டார்கள். எனக்கு வந்த வசவுகள் கொஞ்சநஞ்சமல்ல. அவற்றில் ஒரு கடிதத்தை மட்டும் வைத்திருக்கிறேன். தூத்துக்குடியிலிருந்து ஒருவர் எழுதியது. "என் மகன் என்னோடு பேசுவதில்லை. அவன் நிழல் தினமும் பேசியது. அது நிழல் என்று எனக்கு முதல் நாளே தெரியும், வளையத்தைப் பார்த்தேன். தெரிந்தேதான் பேசினேன். அதை நிறுத்த நீங்கள் யார்?" நியாயமான கேள்வி. பதில் எழுத நான்கு முறை உட்கார்ந்தேன், முடியவில்லை. அவருக்காக மனம் கஷ்டப்படுகிறது. ஆனாலும் அந்த மகன் பெயரில் நான் பேசியதை நியாயம் என்று என்னால் சொல்ல முடியாது. மறுபடி அந்த இருக்கையில் உட்கார வைத்தாலும் நிறுத்தத்தான் செய்வேன்.

ஞாயிற்றுக்கிழமை உசிலம்பட்டிக்குப் போனேன். கோயிலை ஒட்டிய சின்ன மண்டபம். பத்தரைக்கு முகூர்த்தம். தாய்மாமன் உட்கார வேண்டிய பலகை காலியாகக் கிடந்தது. ஆசாரி ஊசியோடு காத்திருந்தார். தவமணி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்து நின்றாள். பத்தே முக்கால் ஆனது. கணவர் வீட்டுப் பெரியவர் ஒருவர், மாமன் முறையில் வேறு யாரையாவது உட்கார வைத்துக் குத்திவிடலாம், நல்ல நேரம் போகிறது என்றார்.

"போனாப் போகட்டும்" என்றாள் தவமணி. "அந்தப் பலகையில வேற ஆளு ஒக்காரக் கூடாது. அவன் வரலையிண்டா பலகை காலியாவே கெடக்கட்டும். ஊரு பாக்கட்டும். எம் மகளுக்கு நானே மடியில வச்சுக் குத்திக்கிறேன்."

மண்டபத்தில் முணுமுணுப்பு எழுந்தது. வராமல் போனால் அதில் என் பங்கு எவ்வளவு என்று எனக்குத்தான் தெரியும்.

பதினொன்றுக்குச் செல்லப்பாண்டி வந்தார். மனைவி கையில் சீர்த்தட்டு, அதில் பட்டுப்பாவாடையும் தோடும். யாரையும் பார்க்கவில்லை. நேராகப் போய்ப் பலகையில் உட்கார்ந்து மடியைக் காட்டினார். தவமணி குழந்தையை வைத்தாள். ஆசாரி குத்தினார், குழந்தை வீறிட்டது. அவர் அதன் தலையைத் தன் நெஞ்சோடு சேர்த்து அழுத்திக்கொண்டார். இரண்டு காதும் முடிந்ததும் தோட்டைப் போட்டுவிட்டு எழுந்தார்.

பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார். தவமணி தானே போய்ப் பாயசம் ஊற்றினாள். இரண்டாவது கரண்டிக்கு அவர் இலைக்கு மேலே கையைக் குறுக்கே வைத்தார், நிமிரவில்லை. கை கழுவினார், செருப்பைப் போட்டார், மனைவியோடு பஸ்ஸுக்கு நடந்துவிட்டார். வந்ததிலிருந்து போனவரை தங்கையிடம் ஒரு சொல் பேசவில்லை.

எனக்குத் தாங்கவில்லை. தவமணியின் தோளைத் தொட்டு, "ஒரு வார்த்தைகூடப் பேசலையேம்மா" என்றேன்.

அவள் திரும்பினாள். கன்னமெல்லாம் கண்ணீர். வாய் மட்டும் காது வரைக்கும் சிரித்துக்கொண்டிருந்தது.

"ஆமாக்கா, பாத்தீங்களா? மூஞ்சியை உம்முண்டு வச்சுக்கிட்டு, ஏண்டு ஒரு வார்த்தை கேக்காம... அவனேதான்க்கா. சத்தியமா அவனேதான்!"